மின் நுளம்புமட்டை: அமைப்பும் ஆற்றலும் எல்லையும்

விஞ்ஞானத்தின் பேறுகளை எடுத்துரைக்கப் புகுவோர் பெரும்பாலும் பெரும் பொறிகளையே சுட்டுவர். அணுவுலையும் வானூர்தியும் செயற்கைக்கோளும் நம் கருத்தைக் கவர்வன என்பதில் ஐயமில்லை. ஆயினும், நாள்தோறும் நம் கையிற் புழங்கும் சிறு கருவிகளுள்ளும் ஆழ்ந்த விஞ்ஞான உண்மைகள் பல அடங்கிக் கிடக்கின்றன. நுளம்பு, இலையான் முதலிய பறக்கும் பூச்சிகளை மின்னாற் கொல்லும் கைமட்டை அத்தகைய கருவிகளுள் ஒன்றாகும். வீட்டு விறாந்தையிலும், விடுதி மாணவர் கட்டிலருகிலும், கடைக்காரர் மேசையிலும் இன்று இதனைக் காணலாம். பொழுது சாய்ந்ததும் இம்மட்டையினின்று எழும் ‘சட்’ என்னும் ஒலியைக் கேளாத வீடு அரிது எனலாம்.

சிறு மின்கலமொன்றிலிருந்து ஆயிரம் உவோற்று எவ்வாறு பிறக்கின்றது? பூச்சியை வீழ்த்தும் மின் அதனைப் பிடித்திருக்கும் மனிதனை ஏன் வீழ்த்துவதில்லை? நோயைத் தடுப்பதற்கு இக்கருவி எவ்வளவு தூரம் உதவும்? இம்மூன்று வினாக்களுக்கும் விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும். முதலிரு வினாக்களும் அறிவின்பாற்பட்டவை. மூன்றாவது வினாவோ உயிரின்பாற்பட்டது. ஆதலின் அதனை இறுதியில் வைத்துச் சற்று விரிவாக ஆராய்வாம்.

மட்டையின் வரலாறு

மின்மட்டைக்கு முன்னோடி மின்னில்லா மட்டையே. இலையானை அடிப்பதற்குக் கம்பிவலையாலான தட்டொன்றைப் பிடியிற் பொருத்தி, அதற்கு அமெரிக்க நாட்டில் 1900 ஆம் ஆண்டிற் காப்புரிமை பெற்றவர் இராபேட்டு மொன்கொமெரி என்பவர். அந்நாட்டின் கான்சாஸ் மாநிலத்தில் 1905 ஆம் ஆண்டளவிற் சாமுவேல் கிரம்பைன் என்னும் மருத்துவர் சுகாதாரப் பணியின் தலைமையை ஏற்றிருந்தார். இலையான் நோயைப் பரப்புவது என்பதைப் பொதுமக்கள் உணருமாறு பெரும் இயக்கமொன்றை அவர் நடத்தினார். அவ்வியக்கத்தால் ஊக்கமுற்ற பிராங்கு உரோசு என்னும் பாடசாலை ஆசிரியர், அளவுகோலொன்றின் நுனியிற் கம்பிவலைத் துண்டொன்றைப் பொருத்தி மட்டையொன்றைச் செய்தார். அதற்கு, இலையானை அடிப்பது என்னும் பொருளில், இன்று ஆங்கிலத்தில் வழங்கும் பெயரைச் சூட்டியவர் கிரம்பைனே. ஆனால், அவருடைய இயக்கம் மட்டையோடு நின்றுவிடவில்லை என்பதை நாம் கருத்திற் கொள்ளல் வேண்டும். சாளரங்களுக்கு வலையடித்தல், மலசலகூடங்களைச் சீர்செய்தல், பலரும் ஒரே குவளையில் நீரருந்தும் வழக்கத்தை ஒழித்தல் என்பனவும் அவ்வியக்கத்தின் உறுப்புகளாயிருந்தன. மக்கள் நினைவில் மட்டை நின்றது. அவர்தம் உடல்நலத்தைக் காத்ததோ பெரும்பாலும் ஏனைய பணிகளேயாம்.

மின்னாற் பூச்சியைக் கொல்லும் எண்ணமும் ஏறத்தாழ அதே காலத்திற் பிறந்ததுதான். 1911 ஆம் ஆண்டில் அமெரிக்கச் சஞ்சிகையொன்று, மின்விளக்கும் 450 உவோற்று ஏற்றிய கம்பிகளும் கொண்ட இலையான் பொறியொன்றை விவரித்தது. எனினும், அதன் விலை பொதுமக்களால் வாங்க இயலாததாயிருந்தது. 1930 ஆம் ஆண்டுகளிற் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஒட்டுண்ணியியற் பேராசிரியர் வில்லியம் ஏர்ம்சு முதலியோர் இத்தகைய நிலைப்பொறிகளைச் செம்மைப்படுத்தினர். இவை யாவும் ஓரிடத்தில் தொங்கவிடப்பட்டுப் பூச்சியின் வரவை எதிர்நோக்கி நிற்பவை. பூச்சியை நாடிச் செல்லும் கைமட்டை தோன்றுவதற்கு, மலிவான திரான்சிற்றரும் சிறு மின்கலமும் கைக்கெட்ட வேண்டியிருந்தது. தைவானைச் சேர்ந்த சாவோ-இ-சீ என்பவர் இன்றைய வடிவையொத்த மட்டைக்கு 1996 ஆம் ஆண்டில் அமெரிக்கக் காப்புரிமை பெற்றார். அதன் பின்னர் ஆசிய நாடுகளெங்கும் இக்கருவி விரைந்து பரவிற்று.

மூன்று வலைகள்

மட்டையின் தலைப்பாகத்தை உற்று நோக்கின், பெரும்பாலானவற்றில் மூன்று கம்பிவலைகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சிறிது இடைவெளிவிட்டு அமைந்திருத்தலைக் காணலாம். வெளிப்புறத்து வலைகள் இரண்டும் ஒன்றோடொன்று இணைக்கப்பட்டு ஒரே மின்னழுத்தத்தில் நிற்பன. நடுவலையொன்றே அவற்றினின்று வேறுபட்ட மின்னழுத்தத்தை உடையது. தவறிக் கைபடுமாயின் விரல் வெளிவலையை மட்டுமே தொடும். விரல் நடுவலையை எட்டாதவாறு வெளிவலையின் கண்கள் சிறியனவாக இருத்தலின், வெளிவலையிரண்டையும் சேர்த்துத் தொட்டாலும் மின்னோட்டம் உடலினூடு பாய்வதில்லை. நுளம்போ அக்கண்ணினூடு எளிதில் நுழைந்து, வெளிவலைக்கும் நடுவலைக்குமிடையே பாலம்போல் அமைந்துவிடுகின்றது.

தட்டையான பலகையை விடுத்து வலையைக் கொண்டமைக்கு மற்றுமொரு காரணமுண்டு. கையாலோ பலகையாலோ நுளம்பை அடிக்க முயலும்போது, முன்னே தள்ளப்படும் வளி அச்சிறு உயிரை ஒருபுறம் ஒதுக்கிவிடுகின்றது. நம் கை வந்து சேருமுன் நம் கையாற் பிறந்த காற்று அதனைக் காத்துவிடுகின்றது என்க. வலையினூடு வளி தடையின்றிச் செல்லுதலின் நுளம்புக்கு அவ்வுதவி கிட்டுவதில்லை. மேலும், மின்மட்டை பூச்சியைச் சுவரோடு நசுக்க வேண்டியதில்லை, தொட்டாலே போதும். ஆதலாற் சுவரிற் குருதிக்கறை படிவதும் இல்லை.

ஆயிரம் உவோற்று பிறக்கும் விதம்

மட்டையின் பிடிக்குள் இருப்பது 3 அல்லது 4 உவோற்று மின்கலம் மாத்திரமே. சிலவற்றில் 1.5 உவோற்று உலர்கலங்கள் இரண்டும், சிலவற்றில் மீள மின்னேற்றத்தக்க 4 உவோற்று ஈயவமிலக் கலமும், வேறு சிலவற்றில் இலிதியங் கலமும் இருக்கும். வலையிலோ 500 முதல் 3000 உவோற்று வரை காணப்படும். இம்மாற்றம் மூன்று படிகளில் நிகழ்கின்றது.

மைக்கல் பரடே 1831 ஆம் ஆண்டிற் கண்டறிந்த மின்காந்தத் தூண்டலே இதற்கு அடிப்படை. ஒரு கம்பிச்சுருளில் ஓடும் மின்னோட்டம் மாறும்பொழுது, அதனருகேயுள்ள மற்றொரு சுருளில் மின்னழுத்தம் தோன்றும். இரண்டாஞ் சுருளின் சுற்றுகள் மிகுதியாயின் அதற்கேற்ப மின்னழுத்தமும் மிகும். இவ்வமைப்பையே நிலைமாற்றி என்பர். ஆனால், மின்கலம் தருவது மாறாத நேரோட்டம். மாறாத ஓட்டம் நிலைமாற்றியில் யாதொரு விளைவையும் உண்டாக்காது. ஆகவே, முதற்படியாக ஒரு திரான்சிற்றர் அவ்வோட்டத்தை ஒரு நொடியிற் பல்லாயிரம் முறை தொடுத்தும் துண்டித்தும் துடிப்புகளாக மாற்றுகின்றது. மட்டையின் பொத்தானை அழுத்தும்போது சிலவேளைகளிற் கேட்கும் மெல்லிய சீழ்க்கையொலி இத்துடிப்பின் விளைவேயாம்.

இரண்டாம்படியில் அத்துடிப்புகள் நிலைமாற்றியைச் சேருகின்றன. விளக்கத்தின்பொருட்டு, இரண்டாஞ் சுருளின் சுற்றுகள் முதற்சுருளினவற்றைப்போல் 80 மடங்கு எனக் கொள்வோமாயின், 4 உவோற்று 320 உவோற்றாக உயரும். மூன்றாம்படியில் இருவாயிகளும் மின்னைச் சேமிக்கும் ஒடுக்கிகளும் மாறிமாறி அடுக்கப்பட்ட பெருக்கிச்சுற்று அதனை மும்மடங்காக்குகின்றது. ஓர் ஒடுக்கியில் ஏறிய மின் அடுத்ததன்மேல் அடுக்கப்பட, படிக்கட்டில் ஏறுவதுபோல் மின்னழுத்தம் ஏறிச்செல்கின்றது. இவ்வாறு ஏறத்தாழ 1000 உவோற்று கிடைக்கின்றது.

இப்பெருக்கிச்சுற்றின் குலவரலாறு சிறப்புடையது. முதல் உலகப் போரை அடுத்த ஆண்டுகளிற் சுவிற்சர்லாந்து நாட்டு இயற்பியலாளர் ஐன்றிக்கு கிறைனாக்கர் இதனை வகுத்தார். இங்கிலாந்தின் கேம்பிரிட்சு நகரிற் சோன் கொக்குருவொவ்று, ஏணெசுற்று உவோற்றன் என்னும் இருவரும் 1932 ஆம் ஆண்டில் இதே முறையாற் பல இலட்சம் உவோற்றுகளைப் பெற்றனர். அம்மின்னழுத்தத்தால் விரைவூட்டப்பெற்ற புரோத்தன்களைக் கொண்டு இலிதியத்தின் அணுக்கருவைப் பிளந்தனர். அச்செயலுக்கு 1951 ஆம் ஆண்டில் நோபல் பரிசும் கிடைத்தது. அணுக்கருவைப் பிளந்த சுற்றின் மிகச் சிறிய வழித்தோன்றலே இன்று நம் கையிலிருந்து நுளம்பைத் துரத்துகின்றது. பௌதிக வகுப்பில் ஒடுக்கியைப் பற்றிப் படிக்கும் மாணவர் இதனை எண்ணிப் பார்ப்பாராயின் பாடம் இன்னும் சுவையுடையதாகும்.

ஆற்றல் எங்கிருந்து வந்தது?

நாலு உவோற்று ஆயிரமானது எனின், ஆற்றல் சூனியத்திலிருந்து பிறந்துவிட்டதா என வினவலாம். அன்று. மின்னழுத்தம் உயர்ந்த அளவுக்கு மின்னோட்டம் குறைந்துவிடுகின்றது. 4 உவோற்றில் கால் அம்பியர் ஓட்டத்தைக் கலம் தருமாயின் அதன் வலு ஒரு வாற்று ஆகும். இழப்பு யாதுமில்லை எனக் கொள்ளினும், 1000 உவோற்றில் அவ் வொரு வாற்று ஓர் அம்பியரின் ஆயிரத்தில் ஒரு பங்கான ஒரு மில்லியம்பியரையே தரவல்லது. உயர்ந்த மலையிலிருந்து விழும் சிறு நீர்த்தாரைக்கு இதனை ஒப்பிடலாம். உயரம் பெரிது, நீரின் அளவோ சிறிது.

இனிப் பொறி தோன்றுமாற்றைக் காண்போம். உலர்ந்த வளியை மின் ஊடறுத்துப் பாய்தற்கு ஒரு மில்லிமீற்றர் தூரத்துக்கு ஏறத்தாழ 3000 உவோற்று வேண்டும். வலைகளின் இடைவெளி சில மில்லிமீற்றராதலின், அவற்றிடையே வெறும் வளி நிற்கும்வரை பொறி எழுவதில்லை. நுளம்பின் உடல் பெரும்பாலும் உப்புக் கலந்த நீராலானது, மின்னைக் கடத்துவது. அது இடையிற் புகுந்ததும் வளியின் இடைவெளி மிகச் சிறிதாகிவிடுகின்றது. உடனே மின் பாய்கின்றது. பொறியின் பாதையிலுள்ள வளி நொடிப்பொழுதில் வெப்பமுற்று விரிவதாலே ‘சட்’ என்னும் ஒலி எழுகின்றது. வானத்து மின்னலுக்குப்பின் இடி முழங்குவதும் இதே காரணத்தாலன்றோ?

அப்பொறியின் ஆற்றல் எத்துணை? ஒடுக்கியின் கொள்ளளவம் 45 நனோபரட்டு எனவும், மின்னழுத்தம் 1000 உவோற்று எனவும் கொள்வோம். கொள்ளளவத்தை மின்னழுத்தத்தின் வர்க்கத்தாற் பெருக்கிப் பாதியெடுப்பின் சேமித்த ஆற்றல் கிடைக்கும். அஃது 0.0225 யூல் ஆகும். இரண்டு கிராம் எடையை ஒரு மீற்றருக்குச் சற்று மேலே தூக்குவதற்குப் போதுமான ஆற்றல் இவ்வளவே. நுளம்பின் எடை ஏறத்தாழ 2.5 மில்லிகிராம். அவ்வாற்றல் முழுவதும் அதன் உடலெங்கும் பரவி வெப்பமாயினும் வெப்பநிலை இரண்டு பாகை அளவே உயரும்.

இக்கணக்கு ஓர் உண்மையைப் புலப்படுத்துகின்றது. முதற்பொறி நுளம்பை எரித்துவிடுவதன்று. அதன் நரம்பையும் தசையையும் அதிரச்செய்து மயக்குவதே அதன் பெரும்பணி. பொத்தானை விடாது அழுத்திக்கொண்டிருப்பின், மேற்கூறிய ஒரு வாற்று வலு ஒவ்வொரு நொடியும் ஒரு யூல் ஆற்றலை, அதாவது முதற்பொறியினதைப்போல் நாற்பது மடங்குக்கு மேற்பட்ட ஆற்றலை வழங்குகின்றது. நுளம்பை உண்மையிற் கொல்வது அதுவேயாம். அடித்தவுடன் பொத்தானை விட்டுவிடுவோர் வீழ்ந்த நுளம்பு சிறிது நேரத்தில் எழுந்து பறப்பதைக் கண்டு வியப்பதுண்டு. அவ்வியப்புக்கு விடை இக்கணக்கில் உள்ளது.

மனிதனுக்கு ஏதம் உண்டா?

மின்னதிர்ச்சியால் விளையும் தீங்கு உடலினூடு பாயும் மின்னேற்றத்தின் அளவையும், தொடரும் ஓட்டத்தின் அளவையும் பொறுத்தது. மின்னழுத்தம் மாத்திரம் அதனைத் தீர்மானிப்பதில்லை. வீட்டு மின்னுபகரணங்களுக்கான சர்வதேசப் பாதுகாப்பு நியமம், இத்தகைய உயர் மின்னழுத்தத்தில் தொடத்தக்க பாகமொன்றிலிருந்து பாயும் மின்னேற்றம் 45 மைக்குரோகூலோமை விஞ்சலாகாது என வரையறுத்துள்ளது. நாம் மேலே கணக்கிட்ட ஒடுக்கி அவ்வெல்லையிற் சரியாக நிற்பதாகும். நியமத்துக்கு அமைய ஆக்கப்பட்ட மட்டை தரும் அதிர்ச்சி நோவைத் தரும்; உயிருக்கு ஊறு செய்வதன்று. ஆயினும், தரம் குன்றிய மட்டைகள் இவ்வெல்லையைக் கடத்தல் கூடும். ஆதலாற் சிறுவர் கையில் விளையாட்டுப் பொருளாக இதனைக் கொடுத்தல் தகாது.

மட்டையைப் பயன்படுத்துவோர் நான்கு செய்திகளை மனத்திற் பதித்தல் நன்று.

முதலாவது, பொறி இருக்குமிடத்திற் தீப்பற்றும் வாயு இருத்தலாகாது. சமையல்வாயு கசியும் அடுக்களையிலோ, பூச்சிகொல்லித் தெளிகருவியால் இப்பொழுதுதான் தெளித்த அறையிலோ மட்டையை இயக்குதல் தீவிபத்துக்கு வழிகோலும். பிரான்சு நாட்டின் டோர்டோன் பகுதியில் 2020 செப்டெம்பரில், வாயு கசிந்திருந்த வீட்டில் இலையானைத் துரத்திய முதியவரொருவரின் அடுக்களை இவ்வாறே வெடித்துச் சிதைந்தது.

இரண்டாவது, பொத்தானை விட்ட பின்னரும் ஒடுக்கியில் மின்னேற்றம் சிறிது நேரம் தங்கியிருக்கும். வலையைத் துடைக்குமுன் அது நீங்கும்வரை பொறுத்தல் வேண்டும். ஈரத்துணியாலோ நீராலோ வலையைக் கழுவுதல் தவறாகும்.

மூன்றாவது, சுவர்ச் செருகியில் நேரே பொருத்தி மின்னேற்றும் மலிவான மட்டைகள் பலவற்றில், வீட்டு மின்னையும் உட்சுற்றையும் பிரித்துவைக்கும் நிலைமாற்றி இருப்பதில்லை. மின்னேறும் வேளையில் அதன் உட்பாகங்கள் 230 உவோற்று வீட்டு மின்னோடு நேரடித் தொடர்புடையன. அவ்வேளையில் அதனை இயக்குதலும் வலையைத் தொடுதலும் கூடா. மேற்கூறிய 45 மைக்குரோகூலோம் எல்லை அங்கு நம்மைக் காவாது.

நான்காவது, உணவுப் பண்டங்களுக்கு மேலே இலையானை அடித்தலாகாது. மின்பொறி இலையானின் உடலைச் சிதறச்செய்து, அதிலுள்ள பற்றீரியங்களையும் வைரசுகளையும் சூழவுள்ள வளியிற் பரப்புகின்றது என்பதைக் கான்சாஸ் மாநிலப் பல்கலைக்கழகத்தார் மின்பொறிகளைக் கொண்டு செய்த ஆய்வு 2000 ஆம் ஆண்டில் எடுத்துக்காட்டிற்று.

ஏனைய முறைகளோடு ஓர் ஒப்பீடு

கைமட்டையின் சிறப்பை அறிதற்கு, ஊதா ஒளியாற் பூச்சிகளைக் கவர்ந்து கொல்லும் நிலைப்பொறியோடு அதனை ஒப்பிடுதல் பயனுடையது. அமெரிக்காவின் டெலவெயர் மாநிலத்தில் வீட்டு முற்றங்களில் தொங்கிய இத்தகைய பொறிகளில் மடிந்த பூச்சிகளை ஆய்வாளர் எண்ணிப் பார்த்தனர். 1996 ஆம் ஆண்டில் வெளியான அவ்வாய்வின்படி, மடிந்த 13,789 பூச்சிகளுள் மனிதரைக் கடிப்பவை 31 மாத்திரமே. ஏனையவற்றுள், தீங்கு செய்யும் பூச்சிகளை உண்டு வாழும் நற்பூச்சிகளும் ஆயிரக்கணக்கில் அடங்கும். காரணம் வெளிப்படை. குருதியுண்ணும் பெண் நுளம்பு ஒளியை நாடி வருவதில்லை. நாம் வெளிவிடும் காபனீரொட்சைட்டையும், தோலின் மணத்தையும், உடலின் வெம்மையையும் நாடியே வருகின்றது. ஒளிப்பொறி யாரைக் கொல்கின்றோம் என்பதை அறியாது கொல்கின்றது. கைமட்டையோ நம் கண்ணும் கருத்தும் தேர்ந்த ஒன்றையே கொல்கின்றது.

நுளம்புச்சுருளோடு ஒப்பிடினும் மட்டைக்கு ஓர் ஏற்றமுண்டு. சுருளொன்று முற்றாக எரியும்போது வெளிவரும் நுண்துகளின் அளவு, 75 முதல் 137 வரையான சிகரெட்டுகள் எரிவதனால் வெளிவருவதற்கு நிகராகும் என 2003 ஆம் ஆண்டில் வெளியான ஆய்வொன்று கூறுகின்றது. கதவடைத்த அறையிற் படிக்கும் மாணவனும் உறங்கும் குழந்தையும் அப்புகையையே இரவு முழுவதும் உட்கொள்கின்றனர். மட்டை புகைவதில்லை. நஞ்சை விட்டுச்செல்வதில்லை. தொடர்ந்து தெளிக்கப்படும் நஞ்சுகளை எதிர்த்து வாழ நுளம்பினம் பழகிக்கொள்வதுபோல மின்பொறியை எதிர்த்துப் பழகிக்கொண்டதாக எங்கும் கேட்டிலோம்.

மட்டையின் எல்லை

இதுகாறும் மட்டையின் பெருமையைப் பேசினோம். இனி மூன்றாம் வினாவுக்கு வருவாம். நோயைத் தடுக்க இது போதுமா?

முதலில் நுளம்புகளின் பழக்கத்தை நோக்குக. மலேரியாவைப் பரப்பும் அனோபிலிசு அந்திமுதல் விடியும்வரை கடிப்பது. யானைக்கால் நோயைப் பரப்பும் கியூலெக்சு இரவிற் கடிப்பது. நம் செவியருகே இரைந்து துயிலைக் கெடுப்பதும் பெரும்பாலும் அதுவே. டெங்குவைப் பரப்பும் ஈடிசு எசிப்தியோ பகலிற் கடிப்பது. விடிந்த பின்னரான சில மணி நேரமும், பொழுது சாய்வதற்கு முன்னரான சில மணி நேரமும் அதன் வேட்டைக்காலம். மேசைக்கடியிலும் கதவின் பின்னாலும் தொங்கும் ஆடைகளுக்கிடையிலும் மறைந்திருந்து, ஓசையின்றி வந்து கணுக்காலிற் கடித்துச் செல்லும். நம்மவர் மட்டையை எடுப்பதோ இருட்டிய பின்னர். ஆகவே மாலைதோறும் நாம் அடித்து வீழ்த்தும் நுளம்புகளுட் பெரும்பாலானவை நம் உறக்கத்தைக் கெடுப்பவை. நம் பிள்ளைகளை மருத்துவமனைக்கு அனுப்பும் இனமன்று. மட்டையில் எழும் ஒலி நம் மனத்துக்கு ஆறுதலைத் தருகின்றது. அவ்வாறுதல் பாதுகாப்பு என மயங்குவதிலேதான் ஏதம் உள்ளது.

அடுத்து, பெருக்கத்தை நோக்குக. பெண் ஈடிசு ஒருமுறையில் ஏறத்தாழ நூறு முட்டைகளை இடும். வெப்பமான காலநிலையில் முட்டை குடம்பியாகி, கூட்டுப்புழுவாகி, சிறகுடைய நுளம்பாவதற்கு ஏழு முதற் பத்து நாள் போதும். முற்றத்தில் நிமிர்ந்து கிடக்கும் சிரட்டையொன்றின் நீரிலிருந்து ஒரு கிழமையிற் பல நுளம்புகள் எழும். அவற்றை மட்டையாற் கொல்வதாயின் ஒவ்வொன்றையும் தனித்தனியே கண்டு, துரத்தி, அடித்தல் வேண்டும். அச்சிரட்டையைக் கவிழ்ப்பதற்கோ ஒருமுறை குனிந்தாற் போதும். முட்டைகள் நீரின்றியும் பல மாதம் உயிர்தாங்கிக் கிடந்து, மழைநீர் பட்டதும் பொரிக்கவல்லன. ஆதலின் நீரை ஊற்றுவதோடு அமையாது, தொட்டியின் உட்சுவரைத் தேய்த்துக் கழுவுதலும் வேண்டும்.

நீரின் மூலத்தை ஒழிப்பதன் வலிமைக்கு வரலாறு சான்றாகின்றது. இதே ஈடிசு நுளம்பே மஞ்சட்காய்ச்சலையும் பரப்புவது. கியூபா நாட்டின் ஹவானா நகரை நெடுங்காலம் வாட்டிய அந்நோயை நுளம்பே பரப்புகின்றது எனக் காலோசு பின்லே என்னும் மருத்துவர் 1881 ஆம் ஆண்டிற் கூறினார். வால்ற்றர் இறீட்டு தலைமையிலான குழு 1900 ஆம் ஆண்டில் அதனை மெய்ப்பித்தது. அடுத்த ஆண்டில் வில்லியம் கோர்காசு என்னும் மருத்துவ அதிகாரி நகரெங்கும் வீடுவீடாகப் பரிசோதகரை அனுப்பினார். நீர்க்கலங்கள் மூடப்பட்டன, தேங்கிய நீரில் எண்ணெய் ஊற்றப்பட்டது, நோயாளர் வலையிட்ட அறைகளில் வைக்கப்பட்டனர். 1901 ஆம் ஆண்டு முடியுமுன்னரே அந்நோய் அந்நகரில் ஏறத்தாழ அற்றுவிட்டது. மின்மட்டையும் அன்றில்லை, டீ.டீ.ரீ. போன்ற நஞ்சும் அன்றில்லை.

நம் நாட்டு அனுபவமும் இதனையே வற்புறுத்துகின்றது. 1934–35 ஆம் ஆண்டுகளில் ஏறத்தாழ 80,000 உயிர்களைக் கொள்ளைகொண்ட மலேரியா, தலைமுறைகள் தாண்டிய கூட்டு முயற்சியால் அகற்றப்பட்டு, 2016 செப்டெம்பரில் இலங்கை மலேரியா அற்ற நாடென உலக சுகாதார நிறுவனத்தாற் சான்றளிக்கப்பட்டது. ஆனால், மறு ஆண்டாகிய 2017 இலேயே 1,86,000 இற்கு மேற்பட்டோர் டெங்கு நோய்க்கு ஆளானதாகக் கணக்கிடப்பட்டது. அனோபிலிசை வென்ற நாடு ஈடிசின் முன் தளர்ந்து நின்றது. காட்டோரத்து ஓடைகளிலும் ஆற்றுக் குட்டைகளிலும் வளரும் நுளம்பை அரசாங்கத்தின் பரிசோதகர் தேடிச் செல்லலாம். நம் வீட்டுப் பூச்சாடியிலும், கூரைப் பீலியிலும், குளிர்சாதனப் பெட்டியின் பின்தட்டிலும், சீமெந்துத் தொட்டியிலும் வளரும் நுளம்பை நாமே தேடல் வேண்டும். வடபகுதியில் வடகீழ்ப் பருவமழையோடு டெங்கு பெருகுவதை ஆண்டுதோறும் காண்கின்றோம். மழை பெய்வது நம் கையில் இல்லை. பெய்த மழை எங்கே தேங்குகின்றது என்பதோ பெரிதும் நம் கையிலேயே உள்ளது.

மட்டையைப் பயன்படுத்தும் முறை

அங்ஙனமாயின் மட்டையை எறிந்துவிடலாமா? வேண்டியதில்லை. அதனை அறிவோடு பயன்படுத்துதலே தக்கது.

டெங்கு நோயாளியின் குருதியில், காய்ச்சற் காலத்தில், நோய்க்கிருமி மிகுந்திருக்கும். அவரைக் கடித்த ஈடிசு நுளம்பு, ஏறத்தாழ எட்டு முதற் பன்னிரண்டு நாட்களின் பின், பிறருக்கு அந்நோயைக் கொடுக்கும் ஆற்றலைப் பெறுகின்றது. ஆகவே, வீட்டில் ஒருவர் காய்ச்சலாய்க் கிடப்பாராயின் பகலிலும் அவரை நுளம்புவலைக்குள் வைத்தல் வேண்டும். அவ்வறையின் மூலைமுடுக்குகளிற் பகற்பொழுதிலே மட்டையால் நுளம்பைத் தேடி அழித்தல் அயலாருக்குச் செய்யும் பேருதவியாகும். மட்டை நோய்த்தடுப்புக்கு உண்மையில் உதவுமிடம் இதுவே. காலையிற் பாடசாலைக்குப் புறப்படுமுன்னரும், மாலையில் வீடு திரும்பியதும், மேசைக்கடியிலும் கதவின் பின்னாலும் ஒருமுறை மட்டையை வீசுதல், இரவில் நூறுமுறை வீசுவதினும் டெங்குவைத் தடுப்பதற்கு மேலானது.

பயன் முடிந்த மட்டையைக் குப்பையில் எறிதலும் எரித்தலும் நன்றன்று. அதனுள் ஈயமும் அமிலமும் கொண்ட கலம் இருத்தல் கூடும். மின்னணுக் கழிவு சேர்க்கும் இடத்தில் அதனை ஒப்படைத்தல் வேண்டும். மேலும், உடைந்த மட்டையின் குழிந்த பிளாத்திக்குப் பாகம் முற்றத்திற் கிடந்து மழைநீரைத் தேக்குமாயின், நுளம்பைக் கொல்ல வாங்கிய பொருளே நுளம்புக்குத் தொட்டிலாகிவிடும்.

முடிவுரை

பரடேயின் தூண்டலும், கிறைனாக்கரின் பெருக்கியும், திரான்சிற்றரின் துடிப்பும் ஒருங்கே கூடிய நுண்ணிய கருவி மின்மட்டை என்பதைக் கண்டோம். மனிதனுக்கு ஊறு செய்யாத அளவில் நின்று நுளம்பை வீழ்த்தும் வண்ணம் அதன் ஆற்றல் அளந்து வகுக்கப்பட்டிருப்பதையும் கண்டோம். கண்முன் வந்த ஒரு நுளம்புக்கு அது விடையாகும். கண்ணுக்குப் புலனாகாது தேங்கிய நீரில் நெளியும் நூறு குடம்பிகளுக்கு அது விடையாகாது. கல்லூரி மாணவர் கிழமைக்கொருமுறை, ஒரு மணி நேரத்தில் நாலிலொரு பங்கை ஒதுக்கித் தத்தம் வீட்டு வளவைச் சுற்றிவந்து, நீர் தேங்கும் கலங்களைக் கவிழ்த்தும் கழுவியும் வருவாராயின், அவ்வீட்டில் மட்டைக்கு வேலை குறையும். மட்டைக்கு வேலை குறைந்த வீடே நோய்க்கு அஞ்சாத வீடாகும்.